அவுத்து விடும் நேரம்

ராத்திரியில் எனக்குப் பண்ணைக் காவல்.
பல்லடம் தாண்டி, கம்பிவலைக்குள்
ஐயாயிரம் பிராய்லர்.
கம்பெனிக் குஞ்சு, கம்பெனித் தீவனம்,
செத்ததை எண்ணி எழுதக் கம்பெனி நோட்டு.
ஒன்று குறைந்தாலும் சூப்பர்வைசர் போன் வரும்.

வீட்டுப் பொடக்காளியில் என் சொந்தத்துக்கு
ஒன்பது நாட்டுக்கோழி.
காவலுக்கு ஒரு கொடாப்பு,
கொடாப்பின் மேல் ஓர் உடைந்த அம்மி.
பிராந்துக்குப் பயந்து முருங்கையில்
பழைய சிடி நாலு கட்டியிருந்தேன்.
மேலே பார்த்துக்கொண்டிருந்ததில்
தரையை விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை மேய விட்டது ஒன்பது.
பொழுதிறங்க அடைந்தது ஏழு.
கிளுவை வேலியோரம் இறகு,
இட்டேரிப் புழுதியில் நாய்த்தடம்.
தெய்வாத்தாள் வீட்டு நாய். பேர் துரை.
மூக்கில் ஒரு செவலை இறகு ஒட்டியிருக்க
வாலாட்டி எனக்கே வழிவிட்டது.

"என்ர நாயி முட்டையக்கூட மோந்து பாக்காதுங்."
இறகைக் காட்டினேன்.
"காத்துல வந்து ஒட்டியிருக்கும்."
ஆடி மாசம்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
படலைத் தடதடவென்று அடித்து
அவள் பக்கம் சாட்சி சொன்னது.

பால் ஊற்றப் போன பொங்கியண்ணன்
கண்ணால் பார்த்ததாகச் சொன்ன பிறகு
எண்ணூறு ரூபாய் கொடுத்தாள்,
அத்தனையும் பத்து ரூபாய்த் தாள்.
இரண்டு தரம் அவள் எண்ணி
மூன்றாம் தரம் என்னை எண்ண வைத்தாள்.
அன்றைக்கே சந்தையில் சங்கிலி வாங்கி
மொளக்குச்சியில் துரையைக் கட்டினாள்.
நியாயம் முடிந்தது என்று பண்ணைக்குப் போனேன்.

மூன்று ராத்திரி அது ஊளையிட்டதாம்.
எனக்கென்ன தெரியும்?
பண்ணையில் ஃபேன் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது.
மயிலாத்தாள்தான் போனில் சொன்னாள்:
"காதப் பொத்திக்கிட்டுப் படுத்தனுங்க."

நாலாம் ராத்திரியும் காதைப் பொத்தினாள்.
விடிந்து வந்தேன்.
அம்மி நகர்ந்திருந்தது, நாலு விரற்கடை.
அதற்குள் எப்படி நுழைந்ததோ மரநாய்.
அஞ்சு கோழி. தின்னவில்லை.
கழுத்தில் மட்டும் கடி,
நெல்லு மூட்டை சரிந்தது போல
ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன.
மிச்சம் ரெண்டு பெட்டை முருங்கைமேல்,
சிடிக்குப் பக்கத்தில்.
கூப்பிட்டும் இறங்கவில்லை.

வேலிக்கு அக்கட்டால எட்டிப் பார்த்தேன்.
மொளக்குச்சியைச் சுற்றி
சங்கிலி நீளத்துக்கு மண்
வட்டமாகப் பிறாண்டப்பட்டிருந்தது.
துரையின் கழுத்தில் தோலில்லை.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல்
தெய்வாத்தாள் வாசலில் நின்றேன்.
எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்.
"அவுத்து விடுங்க."
"எதைங்?"
"துரைய."
"செரியாக் கேக்கல."
இன்னொரு தரம் சொன்னேன்.
கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.
"அப்ப அந்த எண்ணூறு?"

நானூறு கொடுத்தேன்.

இப்போது ரெண்டு ஷிப்டு.
கோழி அடைந்ததும் நாயை அவுப்பது,
நாயைக் கட்டியதும் கோழியைத் திறப்பது.
நேரம் தவறினால் ரெண்டு வீட்டிலும் வசவு.
கொடாப்பை எரித்துவிட்டு
செங்கல் கூண்டு கட்டி இரும்புக் கதவு போட்டேன்.
ஒரு பெட்டை அடைகாக்கிறது;
பதினொரு முட்டை,
அதில் நாலு தெய்வாத்தாள் கடனாகத் தந்தது.
குஞ்சு பொரித்தால் பாதி அவளுக்காம்.
நாலில் பாதியா, பதினொன்றில் பாதியா
என்பது இன்னும் பேசி முடியவில்லை.

நாயை முழுசாக நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.
ராத்திரி ரெண்டு மணிக்கு,
விளக்கு வெளிச்சத்தில் தூங்கத் தெரியாத
ஐயாயிரத்தையும் முதுகுக்குப் பின்னால் விட்டு
வீட்டுக்குப் போன் போடுகிறேன்.
"இருக்கறானா?"
மயிலாத்தாள் பேசுவதில்லை. தூக்கக் கலக்கத்தில்
ஜன்னல் பக்கம் போனை நீட்டுகிறாள்.
காற்று.
முருங்கையில் சிடி தட்டும் சத்தம்.
பிறகு, கூண்டுக்குப் பக்கத்தில்,
காது ரெண்டும் படபடக்க
ஒரு வெறுங்கழுத்து உதறுகிறது.