காத்துக்குக் கட்டமில்லை

ஆனி பிறந்து பதினோராம் நாள்
மிக்கேல் விழுந்தான்.
எண்பது மீட்டர்.
நான் மேலே நின்றேன், கையில் பதினேழாம் நம்பர் ஸ்பானர்.
அது இன்னும் கையில்தான் இருக்கிறது,
சோறு அள்ளும்போதும்.

கொக்கி மாட்டியிருந்தானா என்று விசாரித்தார்கள்.
உவரிக்குப் போய், கல்லறைத் தோட்டத்து மணலில்
நானும் ஒரு பிடி போட்டுவிட்டு வந்தேன்.
அதற்கப்புறம்
மாடிப்படியில் கால் வைத்தால் உள்ளங்கால் வேர்க்கிறது.
பணகுடி டீக்கடையில் உட்கார முடியவில்லை;
தலைக்கு மேலே
மூன்று இறக்கை.

"காத்து கருப்பு பட்டிருக்கும்லா" என்றார் மாமனார்.
சரிதான், காத்துதான்.
ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்து
யூனிட் இத்தனை ரூபாய் என்று விலைபோகிற காத்து.
எலுமிச்சம்பழம், கறுப்புக் கயிறு,
ஐநூத்தியொரு ரூபாய்.
ரசீது தரவில்லை.

ஆவுடை பீரோவிலிருந்து
கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் கார்டை எடுத்து
என் மடியில் போட்டாள்.
"மூணு லட்சமாம்லா. எதுக்கு வச்சிருக்கு?"

தமிழுக்கு இரண்டை அழுத்தினேன்.
காத்திருக்கவும் என்றது.
அங்கேயும் காத்து.
பதினெட்டு நிமிஷம் ஒரே வீணை, பிறகு ஒரு பெண்.
சின்ன வயசு, மூக்கடைத்த குரல்.
"வெளிநோயாளி கவர் ஆகாது சார்.
இருபத்துநாலு மணி நேரம் அட்மிட் ஆனீங்கன்னா
பாலிசிப்படி பார்க்கலாம் சார்."
"பேசத்தானம்மா போறேன்.
பேசுததுக்கு எதுக்கும்மா கட்டில்?"
கொஞ்ச நேரம்
அவள் தட்டச்சுச் சத்தம் மட்டும்.
"லிஸ்ட் அனுப்புறேன் சார்."

வந்தது.
இருபத்தாறு ஆஸ்பத்திரி.
கண்ணுக்கு ஒன்பது, எலும்புக்கு ஏழு,
மனதுக்கு ஒன்றே ஒன்று, பாளையங்கோட்டையில்.
அரை நாள் லீவு, ரெண்டு பஸ்.
அந்தக் கதவு எண்ணில் மெத்தைக் கடை.

"மாசத்துக்கு ரெண்டு பேரு வாறாங்க அண்ணாச்சி
இதே காயிதத்தோட.
டாக்டர் மதுரைக்குப் போயி மூணு வருசமாச்சு.
உக்காருங்க" என்று
பாலிதீன் பிரிக்காத மெத்தையைத் தட்டிக் காட்டினார்.
உட்கார்ந்தேன்.
கட்டில் இருந்தால்தான் கவர் ஆகும்
என்றது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.
நிறுத்த முடியவில்லை.
அது சிரிப்பில்லை என்று அவருக்குப் புரிந்ததும்,
பாவம், நல்ல மனுஷன்,
ஃபேனைக் கூட்டி வைத்தார்.

தெருவுக்கு ஓடி வந்த என் பின்னாலேயே வந்து
ஒரு நம்பர் கொடுத்தவரும் அவர்தான்.
வண்ணார்பேட்டை. ஜொஹரா என்று ஒரு அம்மா.
மருந்து எழுத மாட்டார், கேட்பார்.
எண்ணூறு ரூபாய்.
இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது.

கீழே நின்று போன் பண்ணினேன்.
முதலில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது,
அப்புறம் அவர்.
கடைசிப் படியில் துப்பட்டாவை ஒதுக்கி உட்கார்ந்து
எனக்கும் இடம் விட்டார்.
ஜெராக்ஸ் கடைக்குப் போகிறவர்கள்
எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

மூன்றாம் வாரம், நாலாம் படியில்
சொன்னேன்.
ஸ்பானர் கேட்டது மிக்கேல்தான்.
குனிந்து நீட்டினேன்.
வாங்க
கை வரவில்லை.

அவர் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு தடவையும் பில்லை வைத்து
ஃபாரம் நிரப்பி அனுப்புகிறேன்.
ஒவ்வொரு தடவையும் திரும்பி வருகிறது:
நெட்வொர்க்கில் இல்லை, படுக்கை இல்லை,
அடிபட்டவர் பெயரும் பாலிசிதாரர் பெயரும் ஒன்றல்ல.
போன வாரம் நோயின் பெயர் என்ற கட்டத்தில்
ஜொஹரா எழுதிய இங்கிலீஷை அடித்துவிட்டு
என் கையெழுத்தில் காத்து என்று போட்டேன்.
அதுவும் திரும்பி வரும்.

ஆவுடை தன் நகைச்சீட்டை நிறுத்திவிட்டாள்.
கேட்டால், இந்த மாசம் மட்டும்தான் என்கிறாள்.
பதினோரு படி ஆகியிருக்கிறது.
மொத்தம் எத்தனை என்று
இன்னும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.