நீலக் குறி

செவ்வாய்க்கிழமை. மருந்துக்கடையில் எனக்கு விடுப்பு.
காரின் முன்கண்ணாடிக்குள்
ஒரு துண்டுச்சீட்டு வைத்துவிட்டுக் கிளம்பினேன்:
தனியாள். மோயல் வென் மலை. நான்கு மணிக்குள் திரும்புவேன்.
யாருக்கு எழுதினேன் என்று தெரியவில்லை.
அங்கே வேறு வண்டியே இல்லை.

அணைச்சுவரின் மேல் காற்று
சொன்னதையே சொல்லும் சாட்சி மாதிரி
ஒரே பக்கமாக வீசிக்கொண்டிருந்தது.
நீர் விளிம்புவரை.
வேல்ஸுக்குச் சுற்றிப்பார்க்க வருபவர்கள் கேட்பார்கள்:
அடியில் ஓர் ஊர் இருக்கிறதாமே,
இரவில் கோயில்மணி கேட்குமாமே?
இல்லை.
இந்த நீருக்கடியில் ஓர் ஆட்டுப்பட்டி,
ஒரு கல்பாலம்,
சந்தைக்குப் போன ஒரு சேற்றுவழி.
அதற்கெல்லாம் யார் மணி அடிப்பார்கள்?
நீர் எழுபது மைல் குழாய்வழி போய்
ஏதோ நகரத்தில் யாரோ வாய் கொப்பளிப்பதற்கு.

பிறகு காடு.
காடென்றால் வரிசை வரிசையாக
வனத்துறை நட்ட ஸ்ப்ரூஸ்.
ஆள் நுழைய இடமில்லை.
உள்ளே போன டிசம்பரின் இருட்டு
இன்னும் காலி செய்யாமல் குடியிருந்தது.
ஓரத்தில் மட்டும் லார்ச் மரங்கள்.
ஊசியிலைக் குலத்தில் உதிர்க்கத் தெரிந்தவை,
ஆகவே துளிர்க்கவும்.
கிளைநெடுக பச்சைப் பொட்டு.
ஒன்றைக் கிள்ளி மென்றேன். புளித்தது.
எதற்கோ சிரித்தேன், சத்தமாகவே.

வேலி தாண்டியதும் மலை மட்டும்.
பழைய பனி ஒரு பாறையின் பின்னால்
அழுக்கு வேட்டி போலக் கிடந்தது.
வானம்பாடி எங்கிருந்து பாடியதென்று
கழுத்து வலிக்கத் தேடினேன்.
அப்படித் தேடியதால்தான்
கீழே பார்க்கத் தாமதமாயிற்று:

நான்கு கால்கள், வானத்தைப் பார்த்து.

செத்த ஆடு என்று நினைத்து
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
இதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.
பத்தடி தாண்டியும் போய்விட்டேன்.
பின்னால் ஒரு மூச்சு.

சினை ஆடு. பள்ளத்தில் புரண்டு மல்லாந்திருக்கிறது.
மழை குடித்த கம்பளி,
உள்ளே இரண்டு குட்டியாவது.
பாறைமேல் ஒரு காக்கை
அவசரமில்லாமல் அலகைத் தீட்டியது.
அது கண்ணிலிருந்துதான் தொடங்கும்.

எனக்கு மாத்திரை எண்ணத் தெரியும்.
ஆடு புரட்டத் தெரியாது.
கம்பளிக்குள் விரல் விட்டேன்,
மணிக்கட்டுவரை வெதுவெதுப்பு.
இழுத்தேன். உதைத்தது. திட்டினேன்.
மறுபடி, இம்முறை முழங்காலை முட்டுக்கொடுத்து.
ஒரு மூட்டை மனம் மாறியது போல
சட்டென்று புரண்டது.

எழுந்ததும் விட்டுவிடக் கூடாது,
மரத்த கால் மறுபடி சாயும் என்று
எங்கோ கேட்ட ஞாபகம்.
இரு தொடைக்கும் நடுவே இறுக்கிப் பிடித்து நின்றேன்,
ஐந்து நிமிடமோ, பத்தோ.
அதன் இதயம் என் எலும்பில் அடித்தது.
எதிரே ஏரி முழுவதும் தெரிந்தது,
மேகநிழல் ஒன்று அதை மெதுவாகக் கடந்தது.
உச்சியிலிருந்து பார்க்க வந்ததை
ஓர் ஆட்டின் மேல் நின்றபடி பார்த்தேன்.

பிறகு அது நடந்தது.
மூத்திரம் பெய்தது. புல் மேய்ந்தது.
திரும்பிப் பார்க்கவில்லை.
காக்கையும் வேறு வேலைக்குப் போயிற்று.
உச்சிக்கு முந்நூறு அடி மிச்சம்.
நான் இறங்கிவிட்டேன்.

கீழ்ப்படலில் நெஸ்ட்டா பௌவன்
கோட்டுக்குள் ஒரு குட்டியைச் செருகியபடி
தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்தாள்.
என் கால்சட்டையைப் பார்த்தாள்.
'மல்லாந்து கிடந்ததா?'
'ஆமாம்.'
'முதுகில் என்ன நிறம்?'
'நீலம்.'
'ஓ, இஃபானுடையது' என்றாள்,
அவர்களுக்குள் வேலித்தகராறு, ஊரறியும்.
குட்டியின் தலையை உள்ளே அழுத்தினாள்.
'சரி. சொல்லிவிடுகிறேன்.'

மணி நான்கரை.
சீட்டை எடுத்துக் கசக்கினேன்.
ஸ்டீயரிங்கில் ஆட்டு நெய்யின் வாடை.
நாளை மாத்திரை எண்ணும்போதும்
இருக்கட்டும்.