ஈரத்துக்குக் கழிவு

விருதுப் படங்கள் நாலு
பென்டிரைவில் கொண்டுவந்தான் சுகந்தன்,
கொழும்பில் செருப்புக்கடையில் நிற்கிறவன்.
முன்பள்ளிச் சுவரில் போர்வையை ஆணியடித்து
நாலு ஞாயிறு பார்த்தோம்.
போர்வைக்கு வெளியே ஒரு ஓரத்தில்
ஆ, ஆடு
கடைசிவரை தெரிந்துகொண்டிருந்தது.

நான் தராசுக்காரன்.
நோர்வூட்டுக்கு மேலே, பத்தாம் நம்பர் மலையில்
கொழுந்து நிறுக்கிறவன்.
எதைப் பார்த்தாலும் முதலில் சாக்கைக் கழிப்பேன்,
பிறகு ஈரத்தைக் கழிப்பேன்.
மிச்சம்தான் கணக்கு.

முதல் படத்துக்கு ஈரம் அதிகம்.
ஓட்டக்காரன் ஒருவனுக்கு நோய்.
அவன் அழுகிறான், மனைவி அழுகிறாள்,
வைத்தியரும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.
நாங்கள் அழலாம் என்று பார்த்தால்
வயலின் முந்திக்கொள்கிறது.
இந்த வேஷத்துக்காக அந்த நடிகர்
இருபது கிலோ குறைந்தாராம், பரிசு அதற்காம்.
சுகந்தன் சொல்லி முடிக்கவில்லை,
பின்வாங்கில் இருந்து லோகினி:
"இருபதா? ஒரு நாள் பேருக்குச் சரி."
சிரிப்பில் இரண்டு நிமிஷம் படம் கேட்கவில்லை.
நட்டம் ஒன்றுமில்லை.
ஆனாலும் சப்பாத்து நாடாவை முடிய முடியாமல்
அவர் விரல்கள் நின்ற இடம் ஒன்று உண்டு.
அதில் தண்ணீர் கிடையாது. எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது முழுக்கப் பனிமூட்டம்.
ஒருத்தி நடக்கிறாள். நிற்கிறாள். பார்க்கிறாள்.
பனி என்றால் அவள் மனசாம்.
இங்கே பனி என்றால்
கொழுந்து லொறி வளைவில் நின்றுவிடும்,
பிள்ளைகளுக்கு பஸ் வராது.
பவளராணி அக்கா தூங்கிப்போனார்.
அவருடைய குறட்டை
படத்துக்கு நன்றாகவே பொருந்தியது.

மூன்றாவது கறுப்புவெள்ளை. வறுமை.
எவ்வளவு அழகான சேறு!
சட்டைக் கிழிசலுக்குள்ளும்
வெளிச்சம் அளவெடுத்து விழுகிறது.
மூன்று மணி நேரத்தில் ஒருவரும்
சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை.
நடுவில் ஒரு ஆடு வந்தது,
அது மட்டும் நடிக்கவில்லை.
அரைப்பேர் போட்டேன், ஆட்டுக்காக.

நாலாவதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.
அப்பா செத்த வீட்டில்
அக்காவும் தங்கையும் சாமான் பிரிக்கிறார்கள்.
நீளம். கவ்வாத்து தெரியாதவன் எடுத்த படம்,
நடுவில் ஒரு மணி நேரத்தை வெட்டி எறியலாம்.
ஆனால் கரண்டிகளை எண்ணிப் பிரிக்கிறபோது
ஒன்று மிஞ்சிவிடுகிறது.
இருவரும் அதைத் தொடவில்லை.
வீடு காலியான பிறகும் அது மேசையில் கிடக்கிறது,
யாரும் அதைப் பற்றி வசனம் பேசவில்லை.

அப்புறம் அந்தக் கிளாக்கர்.
பெயர்கூட இல்லாத வேஷம்.
வீட்டுக்கு விலை மதிக்க வருகிறான்,
ஒரு எண்ணைக் குறைத்து எழுதுகிறான்,
பேனையை மூடுகிறான்,
நிமிர்ந்து பார்க்கவில்லை.
ஒரு நிமிஷம் இருக்காது.
அவனுக்கு எந்த விருதும் கிடைக்கவில்லையாம்.
அந்தக் கழுத்தை எனக்குத் தெரியும்.
அப்படிக் குனிய எங்கே பழகினான்?
இருட்டில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.

திங்கள் பின்னேரம் மழை.
லோகினிக்கு மூன்று நிறுவையும் கூட்டி
இருபத்திரண்டு.
ஈரத்துக்கு மூன்று கழிப்பது வழக்கம்.
துரை சொன்ன வழக்கம்,
என் கை தானாகச் செய்கிற வழக்கம்.
மூன்று போனால் பத்தொன்பது, அரைப்பேர்.

இரண்டு கழித்தேன்.
எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

தலைத்துண்டைப் பிழிந்துகொண்டே
எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இதென்ன, விருதா?" என்றாள்.

பின்னால் வரிசை நனைந்துகொண்டிருந்தது.
அடுத்த சாக்கு.