பதினோராவது நட்டு

எங்கள் ஊரின் பெயர் மெர்செதெஸ்.
வண்டியின் பெயர் ஃபோர்டு.
இந்த நகைச்சுவைக்கு உருகுவாயில்
இப்போது யாரும் சிரிப்பதில்லை.

இருபத்தொன்பதாம் வருட வார்ப்பு.
சிலிண்டர் தலையில் பதினான்கு நட்டுகள்.
பதின்மூன்று வழிக்கு வந்துவிட்டன,
ஓரத்திலிருந்து நடுவுக்கு,
ஆளுக்குக் கால் சுற்று,
திரும்ப முதலிலிருந்து இன்னொரு கால் சுற்று.
ஒருத்தனை மட்டும் முழுசாய் விட்டால்
மற்றவன் இழுத்துத் தலை கோணிப்போகும்.

பதினோராவது பிடி கொடுக்கவில்லை.

உபால்தோ நான்கடிக் குழாயோடு வந்தார்.
ஸ்பேனர் வாலில் செருகித் தொங்கு, நிபியா,
அதுவும் இரும்புதானே, என்றார்.
சனிக்கிழமை அவர் மகள் நொயெலியாவுக்குக் கல்யாணம்.
இந்த வண்டியில்தான் அவள் சர்ச்சுக்குப் போகவேண்டும்.
அன்று வியாழன். ஜூலை மாதக் குளிர்.
மாத்தே குவளையைப் பிடித்தால்தான்
விரல்கள் மடங்கும்.

குழாயை வாங்கிச் சுவரில் சாய்த்தேன்.
போன வருடம் தொலோரெஸில்
நானும் தொங்கியவள்தான்.
கரும்பு ஒடிவதைவிடச் சின்னச் சத்தம்.
நட்டு கையோடு வந்தது, பாதி ஸ்டட்டும் வந்தது.
மீதிப் பாதி பிளாக்குக்குள் உட்கார்ந்து
வழவழவென்று என்னைப் பார்த்தது.
அதைத் துளைத்தெடுக்க நான்கு நாள்,
மூன்று டிரில் முனை,
என் முன்பல் ஒன்று.
பல் எப்படி என்று கேட்காதீர்கள்.

கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தேன்.
எண்ணெய் விட்டேன்.
இரவு முழுக்க அது மரையில் இறங்கட்டும் என்று
போர்வை போர்த்திவிட்டுப் போனேன்.
காலையில் எண்ணெயை ஒட்டத் துடைத்து,
கார்புரேட்டரைக் கழற்றி வெளியே வைத்து,
பெட்ரோல் நனைந்த துணிகளை முற்றத்தில் எறிந்து,
மணல் வாளியைக் காலடியில் இழுத்து,
அப்புறம்தான் நெருப்பு.
நட்டுக்கு மட்டும். ஸ்டட்டுக்கு அல்ல.
ஆறவிட்டு மறுபடி எண்ணெய்.
சுத்தியலால் நெற்றியில் நாலு தட்டு,
கதவைத் தட்டுவதுபோல, உடைப்பதுபோல அல்ல.

ஸ்பேனர் போட்டேன்.
கை நகர்ந்தது.
உபால்தோ கைதட்டினார்.
நான் உடனே விட்டுவிட்டேன்.

நட்டு தளர்வது வேறு, ஸ்டட் முறுகுவது வேறு.
முறுகும்போது ரப்பரைத் திருகியதுபோல் ஒரு குழைவு,
விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும்.
கண்ணுக்கு இரண்டும் ஒரே அரை விரற்கடை.
அவரிடம் சொன்னேன்: இது வராது, சனிக்கிழமைக்கு வராது.
மரை கழன்றவளிடம் வண்டியைக் கொடுத்தேனே,
என்று கத்திக்கொண்டு போனார்.
சரிதான்.
ஒரு மரை கழலத்தான்
நானும் காத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டுறவுப் பால் லாரியில் போனாள் நொயெலியா.
டிரைவர் பக்கத்தில் உயரமாய் உட்கார்ந்து,
ஜன்னலுக்கு வெளியே முகத்திரை பறக்க,
ஆற்றங்கரைச் சாலை முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு.
அப்படிச் சிரித்து அவளை நான் பார்த்ததில்லை.
உபால்தோ என் பக்கம் திரும்பவில்லை.
ஆனாலும் பந்தியில் சுட்ட விலா எலும்பு
என் தட்டுக்கு இரண்டு தரம் வந்தது.
நகக்கண்ணில் கறுப்போடு சாப்பிட்டேன்.

ஞாயிறு. மழை.
ரேடியோவில் யாரோ பெனால்டியைத் தவறவிட்டார்கள்.
இந்த முறை கழற்றவில்லை,
இறுக்கினேன்.
ஒரு மயிரிழை,
அவ்வளவுதான்,
கீச்.

குழைவு இல்லை. திரும்பி வரவும் இல்லை.
பின்னால் ஒரு இழை, எண்ணெய், முன்னால் ஒரு இழை,
மறுபடி எண்ணெய்.
செம்மண் நிறத்தில் ஒரு பொடி
மரையிலிருந்து வழிந்தது.
ஆறேழு சுற்றுக்குப் பின் விரலாலேயே சுழன்றது,
இத்தனை நாள் என்ன செய்தேன் நான் என்பதுபோல.

பதினான்கையும் முட்டை அட்டையில்
எண் எழுதி அடுக்கினேன்.
உபால்தோ வீட்டில் எல்லோரும் தூக்கம்.
யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை,
யாருக்கும் இன்று வண்டி தேவையில்லை.

இரண்டு கையாலும் தலையைப் பிடித்துத் தூக்கினேன்.

அசையவில்லை.