பழைய எண்

எங்கள் குன்றில் தெருப்பெயர் கிடையாது.
படிதான் முகவரி.
நிகாசியா அபாசா, எழுபத்தாறாம் படி, இடப்பக்கம்.
ஃபோர்த்துனாத்தோ, இருநூற்று ஒன்பது, நாய் உண்டு.
நான் கேஸ் சிலிண்டர் சுமக்கிறவன்.
இந்த ஊரை எனக்கு முழங்கால் வழியாகத்தான் தெரியும்.
நூறாம் படிவரை ஐந்து பொலிவியானோ,
அதற்கு மேல் பேரம்.

லா பாஸில் பணக்காரர்கள் கீழே இருக்கிறார்கள்,
மூச்சு முட்டாத, ரோஜா பூக்கிற பள்ளத்தில்.
ஏற ஏற ஏழ்மை.
ஆக,
மேட்டுக்குடி என்றால் நாங்கள்தான்.

முதலில் வந்தவை பதினொரு குடும்பங்கள்,
ஈயச் சுரங்கம் மூடிய வருஷம்.
பாக்கிச் சம்பளம் வரவில்லை, கடப்பாரை வந்தது.
மலையைக் குடைந்தே பழகியவர்கள்
மலைமேல் ஒட்டிக்கொள்ளக் கற்றார்கள்.
நகராட்சி வரைபடத்தில் அன்று நாங்கள்
ஒரு பச்சைத் தீற்றல். ‘மரங்கள்’ என்று எழுதியிருந்தது.
மரமென்று ஒன்றுகூட இருந்ததில்லை.

ஞாயிறுதோறும் வீட்டுக்கு ஓர் ஆள்,
வராவிட்டால் அபராதம்.
அப்படித்தான் படிகள் மேலே போயின,
ஒவ்வொன்றும் கட்டியவன் காலுக்கு ஏற்ற உயரத்தில்.
அறுபத்து மூன்று கிந்தீன் கட்டியது. அவன் ஆறடிக்காரன்.
அந்தப் படியில் கால் வைக்கிற எல்லோரும்
இன்றைக்கும் அவனைத் திட்டுகிறார்கள்.
செத்து இருபது வருஷம் கழித்து
தினமும் ஞாபகம் வருவதற்கு
வேறு யார் வழி கண்டார்கள்?

நல்லதுக்கும் கெட்டதுக்கும் நாலு பேர் வேண்டும் என்பார்கள்.
எங்கள் படிக்கட்டில் இரண்டு பேருக்குத்தான் அகலம்.
பெட்டியின் தலைப்பக்கம் ஒருவன், கால்பக்கம் ஒருவன்.
இறங்கும்போது பாரமெல்லாம்
கீழே நிற்கிறவன் தோளில்.
அநேகமாக அது நான்.
அதற்குக் கூலி இல்லை.

சமதளம் என்று இருப்பது பந்து மைதானம் ஒன்றுதான்.
கல்யாணம், ஓட்டு, பஞ்சாயத்து, கொட்டுமேளம்
எல்லாம் அங்கேதான்.
துணிகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து விரித்து
அவரவர் கிழங்கையும் சோளத்தையும் கொட்டுவோம்.
இது யார் கொண்டுவந்தது என்று கேட்டால் மரியாதை இல்லை.
பந்து வேலி தாண்டினால்
உதைத்தவனே இறங்கி எடுக்க வேண்டும்.
அதனால் எங்கள் பையன்கள்
தரையோடு பந்தைத் தள்ளுவதில் கெட்டிக்காரர்கள்.

ஒரு பிப்ரவரியில் நாற்பது மணி நேரம் மழை.
விடியும் முன் ஒரு சத்தம், சாக்கு கிழிகிற மாதிரி.
நூற்று நாற்பதிலிருந்து நூற்று எழுபத்தொன்று வரை
போயிற்று.
நாய்கள் முன்னாடியே குரைத்ததில்
ஆட்கள் வெளியே வந்து
நாய்களை வைதுகொண்டிருந்தார்கள்.
இரண்டு பேர் வரவில்லை.
அவர்கள் பெயரை நான் சொல்ல மாட்டேன்.
எழுபத்தாறில் கேளுங்கள், அவள் சொன்னால் சொல்லட்டும்.

அப்புறம் நகராட்சி வந்தது.
சிமெண்ட், இரும்புக் கைப்பிடி,
அளவெடுத்து வைத்த ஒரே உயரப் படிகள்,
சரிவைச் சுற்றி ஒரு வளைவு,
ஒன்றுமுதல் முந்நூற்று நாற்பதுவரை நீலத் தகடுகள்.
அறுபத்து மூன்றை உடைக்கப் போனபோது
அதைத் திட்டுகிறவர்கள் எல்லோரும்
குறுக்கே உட்கார்ந்துகொண்டார்கள்.
என்ஜினியருக்குக் கடைசிவரை புரியவில்லை.

எந்த எண்ணை வைத்துக்கொள்வது?
மைதானத்தில் மூன்று இரவு சண்டை.
ஆம்புலன்ஸுக்கும் வங்கிக்கும் நீலத் தகடு,
நமக்குள் பழைய எண்,
அப்படி யாரும் முடிவெடுக்கவில்லை, நடந்துவிட்டது.

எங்கள் பிள்ளைகள் படியில் குதித்துத்தான் எண்ணப் படிக்கிறார்கள்:
நூற்று முப்பத்தெட்டு, நூற்று முப்பத்தொன்பது,
வளைவு,
நூற்று எழுபத்திரண்டு.
பள்ளிக்கூடத்திலும் அப்படியே ஒப்பிக்க
கீழேயிருந்து வரும் டீச்சர்
சிவப்பு மையில் சீட்டு அனுப்பினாள்.
பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டுத் திருப்பினார்கள்.
திருத்தவில்லை.

வளைவில் சிலிண்டரை இறக்கி
ஒரு மூச்சு வாங்குவேன்.
மேலே இருக்கிறவர்கள்
இல்லாத முப்பத்திரண்டு படிக்கும் சேர்த்துத்தான்
கூலி கொடுக்கிறார்கள்.
நானும் வாங்கிக்கொள்கிறேன்.
ஏறித்தானே வருகிறேன்.