பத்தாவது சீட்டு

புளியரைச் சோதனைச் சாவடிக்கு இப்பால்
எடைமேடையில் எனக்கு ராத்திரி வேலை.
எம்-சாண்ட் லாரி ஏறும். சிவப்பு எண் துடித்துத் துடித்து நிற்கும்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
அடுத்த லாரி வருவதற்குள்
இன்னொரு வகைச் சீட்டு, ஃபோனில்.

காசு போட்டதில்லை. கொள்கை ஒன்றுமில்லை,
சம்பளம் அவ்வளவுதான்.
ஓசிப் பொட்டலங்களில் விழுந்தவையே என் முப்பதும்,
சாம்பல் விளிம்பு போட்டவை,
மற்றவர்கள் உடைத்துத் தூளாக்கி வேறு வாங்கிக்கொள்ளும் ரகம்.
ஆங்கிலத்தில் அவற்றுக்குப் பெரிய பெரிய பெயர்.
நான் கூப்பிடுவது
ஈரச் சாக்கு, நொண்டி வாத்து, பஞ்சர் ஸ்டெப்னி.

ஈரச் சாக்குக்கு அடி பூஜ்யம், உயிர் நாலு.
எதையும் செய்யாது. குறுக்கே கிடக்கும்.
ஸ்டெப்னி செத்தால் கட்டுக்குள் திரும்பிவிடும்.
அப்புறம் பொதுக்கிணறு:
இறக்கினால் எனக்கும் ரெண்டு சீட்டு, எதிராளிக்கும் ரெண்டு.
எதிராளிக்கு இறைத்துக் கொடுக்கும் கிணற்றை
எந்தக் கிறுக்கு வைத்திருக்கும்?
நான் மூன்று வைத்திருக்கிறேன்.
தண்ணி காட்டுவது என்று சும்மாவா சொன்னார்கள்.

பத்துக்கு மூன்று ஜெயிப்பேன்.
மூன்றே போதும் என்று சொல்லமாட்டேன், போதாது.

ஆனி மாதச் சாரல். சாவடியில் சர்வர் படுத்துவிட்டது.
புனலூர் ரெஜிமோன் லாரியை ஓரங்கட்டிவிட்டு
ஜன்னலில் தலையை நீட்டினான்.
"சேச்சி இது களிக்குமோ?"
அவன் கட்டு முழுக்கத் தங்க விளிம்பு.
ரெண்டாயிரம் ரூபாய் ஆச்சாம், பெண்டாட்டிக்குத் தெரியாதாம்.

முதல் ஆறு முறையும் அவன்தான் அடித்தான்.
என் முப்பது உயிர் ஏழானது.
நான் கிணறு இறக்கினேன். சிரித்தான்.
மறுபடி கிணறு. "தேங்க்ஸ் சேச்சி" என்றான்.
கையில் ஒன்பதுக்கு மேல் நிற்காது என்பது விதி,
பத்தாவது வந்த வேகத்தில் எரிந்துபோகும்.
அவனுடையதெல்லாம் கனமான சரக்கு.
இறக்க எட்டுப் பொறி வேண்டும், ஒன்பது வேண்டும்.
இறக்க வழியில்லாமல் அவன் நிற்க
நான் மேலே மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றுதலைப் பாம்பு எரிந்தது,
களத்தைப் பார்க்காமலேயே, தங்க விளிம்போடு.
"எடா" என்றான், யாரையோ.

அதற்குள் ஒரு வைக்கோல் லாரி
மேடையில் ஏறி ஹாரன் அடிக்கிறது.
என் முறை. திரையில் திரி எரிந்துகொண்டிருக்கிறது.
எரியட்டும் என்று எழுந்துபோனேன்.
நான் சும்மா இருந்தால் என் ஆட்களும் சும்மா இருப்பார்கள்,
அதுதானே அவர்கள் தொழில்.
எட்டாயிரத்து நானூற்றிருபது. சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தால்
அவன் கட்டு காலி.
காலிக் கட்டில் கை வைத்தால் உயிரில் ஒன்று போகும்,
அடுத்து ரெண்டு, அடுத்து மூன்று.
சாக்கு கிடந்தது. மழை பெய்தது.
என்னிடம் உயிர் ஒன்று மிச்சமிருந்தபோது
அவனிடம் இல்லை.

பிறகு அவன் லாரியை எடை போட்டேன்.
எழுநூறு கிலோ கூடுதல்.
"ஒன்னு கொறச்சு எழுது சேச்சி."
எழுதவில்லை. அதில் கோபம்தான், தோற்றதில் இல்லை.

அடுத்த வியாழன் வந்தான்.
அவன் முதலில் இறக்கியது ஈரச் சாக்கு.
தங்க விளிம்பு போட்ட ஈரச் சாக்கு!
அதற்கும் காசு கொடுத்திருக்கிறான்.
மூன்று கிணறும் வைத்திருந்தான்.
ஒன்பதாவது முறையில் தோற்றேன், சுத்தமாக.

மூன்று மணிக்குக் கட்டைப் பிரித்தேன்.
சாக்குகளை எடுத்து வெளியே வைக்க
ஏனோ கொஞ்ச நேரம் ஆயிற்று.
மிச்சச் சாம்பல்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன்.
நொண்டி வாத்து. அடி ஒன்று, உயிர் ஒன்று.
இதுவரை கூட்டத்துக்குத்தான் வைத்திருந்தேன்.
அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது,
திரையின் விரிசல் சரியாக அதன்மேல்.
விரலால் பெரிதாக்குகிறேன்.

எஸ் வளைவில் விளக்கு திரும்புகிறது,
காலி லாரி.