காற்புள்ளி

தீர்ப்பு காலை எட்டேகாலுக்கே வந்துவிடும்.
அரசு வழக்கறிஞரின் டிரைவர்
பென் டிரைவை என் மேசையில் வைத்துவிட்டுத்
தொப்பியின் பனியைத் தட்டுவான்.
விசாரணை பத்து மணிக்கு.

நான் எழுத்தர்.
ஹ்ரோத்னா நீதிமன்றம், நான்காம் மாடி,
ஜன்னலில் நேமன் ஆறு பாதி தெரியும் அறை.
பதினோரு வருஷமாகப்
பிறர் சொல்வதைத் தட்டச்சு செய்கிறேன்.

நீதிபதி ஸினயிதா கர்போவிச்
எட்டரைக்கு வருவார்.
பனிக்காலணி கழற்றிக் கறுப்பு ஷூவுக்கு மாறி
எலுமிச்சைத் தேநீரோடு
இன்னும் தொடங்காத வழக்கின்
முடிவைப் படிக்க உட்காருவார்.

மொழியில் கறாரானவர்.
விடுபட்ட காற்புள்ளியைச் சிவப்பில் வைப்பார்.
குற்றவாளியின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால்
முகம் சுளிப்பார்: ஒரு மனிதனின் பெயர், பாருங்கள்!
மூன்று ஆண்டுகள் என்கிற இடத்தை மட்டும் அந்தப் பேனா
நடுத்தெருவில் படுத்திருக்கும் நாயைச்
சுற்றிப் போவதுபோலப் போகும்.

அன்றைக்குக் கஸிமிர் யூர்செவிச்.
லிஃப்ட் மெக்கானிக், ஐம்பத்து நான்கு வயது.
பால்கனிக் கொடியில்
ஒரு வெள்ளைத் துண்டு, ஒரு சிவப்பு, மறுபடி ஒரு வெள்ளை
என்று காயப்போட்டிருந்தார்.
துணி காயும் கொடியும் கொடிதான்
என்றது குற்றப்பத்திரிகை.

சாட்சி திரையில் வந்தார், முகமூடியோடு.
பெயர் இவானோவ் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.
நேற்றைய வழக்கிலும் இவானோவ்.
குரலில் அதே சளி.
தெருவில் நடக்கையில் பார்த்தேன் என்றார்.
என் பால்கனி முற்றத்துப் பக்கம் அல்லவா, என்றார் கஸிமிர்.
கேள்வி தள்ளுபடி.
தட்டினேன்: கேள்வி தள்ளுபடி.
பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பை ஏற்ற கோப்பில் இடமில்லை.

இதையும் சொல்ல வேண்டும்.
இரண்டு குளிர்காலம் முன்பு
இதே கட்டடத்து லிஃப்ட்டில், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்,
நீதிபதி நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டார்.
மேலே இருட்டிலிருந்து ஒரு குரல்
அவரோடு பேசிக்கொண்டே இருந்தது,
கடைசியில் கிரீஸ் படிந்த ஒரு கை இறங்கிவந்தது.
அந்தக் கையைத்தான் இப்போது
கூண்டுக் கம்பியில் பார்க்கிறோம்,
அவரும் நானும்.

இறுதி வாக்குமூலத்துக்கு எழுந்தார்.
துண்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.
"அம்மா, கயிறு அறுந்தால் பிடிப்பதற்கென்று
லிஃப்ட்டுக்குக் கீழே ஒரு பிரேக் உண்டு.
வருஷக்கணக்கில் அதற்கு வேலையே வராது.
ஆனாலும் மாதம் ஒருமுறை சோதித்துப் பார்ப்பேன்.
துருப்பிடித்திருந்தால்
அறுகிற அன்றுதானே தெரியும்."
உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி வாசித்தார்.
நல்ல குரல் அவருக்கு, தெளிவான உச்சரிப்பு.
ஒவ்வொரு காற்புள்ளியிலும் முறையாக நிற்பார்.
ஆகவே கஸிமிர் யூர்செவிச்சை, என்று நிறுத்தினார்.
காலையில் அவரே வைத்த காற்புள்ளி.
நிறுத்தம் நீண்டது.
ரேடியேட்டரில் தண்ணீர் ஓடுவது கேட்டது.
காவலர் ஒருவர் தலைநிமிர்ந்தார்.
கஸிமிரின் மனைவி பாதி எழுந்துவிட்டாள்,
கையில் அவருக்குக் கொண்டுவந்த கம்பளிக் காலுறை.
என் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே
தொடாமல் நின்றன.

மூன்று ஆண்டுகள், என்றார்.

அன்று மாலை லிஃப்ட் கதவு திறந்துதான் இருந்தது.
தகட்டில் எட்டுப் பேர், அறுநூற்று முப்பது கிலோ.
கனம் நீதிபதி அவர்கள்
கைப்பிடியைப் பிடித்தபடி
படியில் இறங்கிப் போனார்,
ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று.

வாக்குமூலத்தைச் சுருக்கித்தான் ஏற்ற வேண்டும், அது விதி.
கயிறு, பிரேக், துரு எல்லாவற்றையும்
இரண்டு சொல்லாக்கினேன்:
குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.
யார் என்று போடவில்லை.
மறுநாள் கோப்பு கையெழுத்தாகித் திரும்பிவந்தது.
அந்த வரியில்
சிவப்பு மை இல்லை.